இரண்டு சைலன்சர், ஒரே சத்தம்: புதுப்பேட்டையில் ஒரு ராஜ்தூத்

புதுப்பேட்டை சந்துகளில் காலை பத்து மணிக்கு முன்னால் நடந்து பார்க்க வேண்டும். கடைகள் அப்போதுதான் கண் விழிக்கும். ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வெளியே வருவது சைலன்சர்கள். அப்புறம் மட்கார்டு, ஹெட்லைட், கார் கதவு, பேருந்தின் ஸ்டீயரிங். கயிற்றில் பூச்சரம்போல கிளட்ச் லீவர்களைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கூவத்தின் வாடையும் கிரீஸ் வாடையும் இஞ்சி டீயின் மணமும் ஒன்றாகக் கலந்து வரும். எழும்பூரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனால் பைக்கில் வந்து, வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனால் திரும்பும்போது அதே பைக்கின் கண்ணாடியை நம்மிடமே விலை பேசுவார்கள் என்பது சென்னைவாசிகளின் பழைய கிண்டல். கிண்டல் மட்டும்தான். இங்கே பிழைப்பது பெரும்பாலும் பரம்பரையாக இரும்பைத் தெரிந்தவர்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை காலையில், சந்துக்குள் ஒரு குட்டி யானை தட்டுத்தடுமாறி நுழைந்தது. பின்னால் கயிறு கட்டி நின்றிருந்தது ஒரு சிவப்பு டேங்க் வண்டி. இரண்டு பக்கமும் சைலன்சர், பரந்த இன்ஜின், டேங்கில் ராஜ்தூத் என்ற பெயர். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கிளாஸோடு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். "ஆர்டி த்ரீ ஃபிப்டியா! ஹை டார்க்கா சார்?"

ஹை டார்க்தான். 1984-ஆம் வருட வண்டி.

ராஜ்தூத் என்றால் பலருக்கும் பால்காரர் கேன் கட்டிக்கொண்டு போகும் 175 சி.சி. வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு. ஜப்பானில் யமஹா 1973-ல் கொண்டுவந்த ஆர்.டி.350-ஐ, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தியச் சாலைக்கு இறக்கியது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜினை இங்கே அடக்கி 30.5 ஆக்கினார்கள். அதுதான் ஹை டார்க். பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார் வந்ததும் இன்னும் அடக்கி 27 ஆக்கினார்கள். அது லோ டார்க். அப்படியும் விற்பனை எடுபடாமல் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பு நின்றுபோனது. விற்கும்போது சீந்தாத வண்டியை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். தோனியின் ராஞ்சி வீட்டில் ஒன்று இருப்பது கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த செய்தி.

குட்டி யானையிலிருந்து இறங்கியவர் பணி ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். கூடவே இருபத்தேழு வயது மகள். வண்டி அவர்களுடையதல்ல, அவருடைய அண்ணனுடையது. அண்ணன் போய்ப் பதினோரு வருஷம். அதுவரை வாரம் தவறாமல் ஓடிய வண்டி, அன்றிலிருந்து ஆதம்பாக்கம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. "பெரியப்பா வண்டிய நான் ஓட்டுறேன்" என்று மகள் அடம்பிடித்ததால் வெளியே வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு ஏலகிரி போவதாகத் திட்டம். ஓட்டல் அறைகூடப் பதிவு செய்தாயிற்று.

ஆனால் வண்டி ஒழுங்காக நிற்கவில்லை. இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங்கில் விட்டால் இடது பக்கம் நொண்டும். 'டக டக டக' என்று வர வேண்டிய சத்தம், 'டக்... டக்...' என்று பாதி பாதியாக வரும். முதலில் காட்டிய பட்டறையில் பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார்கள்: "இடது போர் போச்சு. ரெண்டு பக்கமும் ரீபோர் போட்டு, பிஸ்டன் ரிங் எல்லாம் புதுசா மாத்தணும்." சொன்ன தொகையைக் கேட்டுத்தான் தலைமையாசிரியர் புதுப்பேட்டைக்கு வந்திருந்தார்.

இரண்டு குடித்தனம்

எல்லாரும் 'பாய்' என்று கூப்பிடும் அந்த மெக்கானிக்குக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எட்டுக்குப் பத்து அடி இடம். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கும். ரேடியோ எப்போதும் பாடும், இன்ஜின் ஓடும்போது மட்டும் பையன் அதை அணைத்துவிடுவான்.

பாய் முதலில் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ரேடியோ நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு நிமிடம் போனதும் வாளியில் விரலை நனைத்து, இரண்டு சைலன்சர் குழாயும் இன்ஜினிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். வலது பக்கம் 'சுர்' என்று பொங்கி மறைந்தது. இடது பக்கம் சொட்டு அப்படியே வழிந்து ஓடியது. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கிற அதே வித்தைதான்.

"வலது பக்கம் மட்டும் வேலை செய்யுது பாப்பா. இடது பக்கம் சும்மா கூட வருது."

"அதான் போர் போச்சுன்னு சொன்னாங்க அங்கிள்."

"சொல்றது ஈசி. போர்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

இந்த இன்ஜினின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பாயின் கேள்வி புரியும். இரண்டு பிஸ்டன்களும் கிணற்று ராட்டினத்தின் இரண்டு வாளிகள் மாதிரி. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே இறங்கும். ஒரே கிராங்கில் கோத்திருந்தாலும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போலத்தான். இடதுக்குத் தனி கார்பரேட்டர், தனி காயில், தனி பாயின்ட், தனி ரீடு வால்வ், தனி சைலன்சர். ஆயில் பம்ப் ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து ஆயில் போகிற மெல்லிய குழாய் இரண்டு. அதைவிட முக்கியம், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையும் தனித்தனி. ஜாவா, எஸ்டி வண்டிகளிலும் இரண்டு சைலன்சர் உண்டு. ஆனால் அந்த 250 சி.சி. வண்டிகளுக்குச் சிலிண்டர் ஒன்றுதான், குழாய் மட்டும் இரண்டு. ஆர்டியில் உண்மையிலேயே இரண்டு இன்ஜின் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. கெட்டுப்போக எல்லாமே இரண்டு இரண்டாக இருப்பது தொல்லை. நன்றாக ஓடும் ஒரு சிலிண்டர் பக்கத்திலேயே இருப்பது வசதி. நோயாளிக்குப் பக்கத்துக் கட்டிலில், அதே வயதில், அதே உடம்புவாகில் ஆரோக்கியமான இன்னொருவர் படுத்திருப்பது மாதிரி. எதையும் ஊகிக்க வேண்டாம், இதை எடுத்து அங்கே போட்டுப் பார்த்தால் போதும்.

பாய் அதைத்தான் செய்தார். இடது பிளக்கை வலதுக்கும் வலது பிளக்கை இடதுக்கும் மாற்றினார். நொண்டல் பிளக்கோடு வலது பக்கம் போனால் பிளக் குற்றவாளி. போகவில்லை, இடதிலேயே நின்றது. அடுத்து காயில் ஒயர்களை இடம் மாற்றினார். அப்போதும் இடதிலேயே. பத்து நிமிடத்தில் முந்தைய பட்டறையில் செலவழித்த இரண்டும் வீண் என்று தெரிந்துவிட்டது. மாற்றிய காயிலைத் தலைமையாசிரியர் பையில் போட்டுக்கொண்டார். அது இனி ஸ்பேர்.

(ஓடும்போது பிளக் மூடியைப் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் மூடியில் வேறொரு பிளக்கைச் சொருகி இன்ஜின் உடம்பில் படும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காயில் கெடும், கையிலும் பலமாக அடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் கேட்கவே வேண்டாம்.)

அப்புறம் பாயின்ட். இரண்டு பாயின்ட்களுக்கும் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளக் துளையில் டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்கு வர 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமும் தனியாகப் பார்த்தார். வலது சரி. இடது கொஞ்சம் தாமதமாகத் திறந்தது, திருத்தினார். நொண்டல் துளி குறைந்தது, போகவில்லை. பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சரியாயிடுச்சுண்ணா!" பாய் தலையை ஆட்டினார். துளி குறைந்ததை வைத்துச் 'சரியாயிடுச்சு' என்று அனுப்பியதால்தான் இந்த வண்டி இரண்டாவது பட்டறைக்கு வந்திருக்கிறது.

போருக்கு எத்தனை உயிர்?

நேரம் பதினொன்றரை. இப்போதுதான் பாய் கம்ப்ரஷன் கேஜை எடுத்தார். போர் தேய்ந்ததா என்று சொல்ல முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான். பிளக் துளையில் கேஜைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறி நிற்கும்வரை கிக்கரை உதைக்க வேண்டும். வலது பக்கம் 115 பவுண்டு. இடது பக்கம் 110.

"பாத்துக்குங்க சார். ரெண்டுக்கும் நடுவுல பத்துல ஒரு பங்குக்கு மேல வித்தியாசம் இருந்தா நானே போர் பக்கம் போவேன். இது அண்ணன் தம்பி மாதிரி இருக்குது."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரீபோர் போட ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தவர் அவர்.

இதில் காசு மட்டும் விஷயமில்லை. சிலிண்டரை ஒருமுறை கடைந்தால் உள்விட்டம் கால் மில்லிமீட்டர் பெரிதாகும். அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று பிஸ்டன்கள் படிப்படியாக வரும். நாலாவது படியோடு சரி. அதற்கு மேல் சிலிண்டருக்கு வேறு சட்டை அடிக்க வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு அது லேசான வேலையா? தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு ரீபோரும் வண்டியின் ஆயுளில் ஒரு பங்கைக் கடைசல் தூளாக்கித் தரையில் கொட்டுவதுதான். அண்ணன் முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த சிலிண்டர் அது. ஒருமுறைகூடக் கடையப்படவில்லை என்று பின்னால் பிஸ்டன் தலையைப் பார்த்தபோது தெரிந்தது. பெரிய பிஸ்டன் என்றால் தலையிலேயே அளவு பொறித்திருக்கும். இதில் அது இல்லை.

"அப்ப என்னதான் பாய் கோளாறு?"

"டீ சாப்பிடலாம் சார், வாங்க."

மூடி வைத்த நோய்

டீக்கு அப்புறம் கார்பரேட்டர்கள். ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு கார்பரேட்டர் வாயிலும் சுண்டுவிரலை வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகச் சொன்னார் பாய். உள்ளே இருக்கும் இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் அசைந்து எழ வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து வருவது ஒரே கேபிள். நடுவழியில் பிரிந்துதான் இரண்டு கார்பரேட்டருக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. பிரியும் இடத்தில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தாலும் ஒரு ஸ்லைடு முந்தும், ஒன்று பிந்தும். சமையலறையில் இரண்டு பர்னரையும் ஒரே குமிழால் திருகுகிற மாதிரி.

இங்கே ஸ்லைடுகள் கிட்டத்தட்டச் சரியாக எழுந்தன. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. வலது கார்பரேட்டரின் காற்று ஸ்குரு ஒன்றரைச் சுற்று வெளியே இருந்தது. இடது ஸ்குருவை ஏறக்குறைய முழுக்க உள்ளே திருகி மூடியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் இடது ஊசியையும் ஒரு படி தூக்கி மாட்டியிருந்தார்கள். ஐடிலிங் ஸ்குருவும் இடது பக்கம் மட்டும் உயரமாக நின்றது.

பாய்க்கு இங்கேதான் முதல்முறையாகக் கோபம் வந்தது. "இந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் ஜாஸ்தியா ஊத்தி வெச்சிருக்காங்க. ஏன் ஊத்தணும்? எங்கேயோ காத்து ஜாஸ்தியா வருதுன்னு அர்த்தம். காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம பெட்ரோல ஊத்தி சமாளிச்சிருக்காங்க."

காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்த கதை. இரண்டு கார்பரேட்டரையும் சுத்தம் செய்து, ஒரே அளவில் வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் நோய் வெளியே வந்தது. இடது பக்கம் முன்னைவிட மோசமாக நொண்டியது. ஆக்சிலரேட்டரை ஒரு திருகு திருகி விட்டால் சத்தம் ஏறியது, கையை எடுத்த பிறகும் உடனே இறங்கவில்லை. மனசில்லாமல் மெல்ல மெல்ல இறங்கியது. இடது பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. வலது பிளக் காபித்தூள் நிறம். கூடுதல் காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இந்த நிலையில் ஏலகிரி போயிருந்தால்? சொல்ல வேண்டிய கட்டாயம் பாய்க்கு வந்தது, ஏனென்றால் மகள் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையை நினைவுபடுத்தினாள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சிலிண்டர் கொதிக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் வண்டி மெதுவாகாது. நல்ல வேகத்தில், ஜோராக ஓடுவதாகவே தோன்றும். வாணியம்பாடி நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் தொடர்ந்து முறுக்கினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

"உங்க பெரியப்பா வண்டிதான் பாப்பா. ஆனா அதுக்கு அது தெரியாது."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். ஓட்டல் அறையை ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பி.பி. பார்க்கும் கருவி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயின் கடையில் நடந்தது, பார்ப்பவர்களைச் சிரிக்க வைக்கும் காட்சி. மர டிராயரிலிருந்து அவர் எடுத்தது டாக்டர்கள் பி.பி. பார்க்கும் கருவி. டயல், ரப்பர் குமிழ், குழாய் எல்லாம் அப்படியே. கையில் சுற்றும் துணிப்பட்டை மட்டும் இல்லை.

"நேத்துதான் பாத்தேன், எனக்கு 150" என்றார் தலைமையாசிரியர்.

"உங்களுக்கு இல்ல சார், வண்டிக்கு."

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கும், கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளும். சைக்கிள் பம்பில் வாசர் தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் டியூபில் காற்று ஏறாதல்லவா? அதேபோல் கிராங்க் அறை எங்காவது கசிந்தால் சிலிண்டர் பசியிலேயே கிடக்கும். அறை கசிகிறதா என்று பார்க்க அதற்குள் காற்றை ஏற்றி, நிற்கிறதா என்று கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் மெதுவாக, கொஞ்சமாக. டயலில் 300 வரை ஏற்றினால் கிட்டத்தட்ட 6 பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் வாய் பிளந்துவிடும். சைக்கிள் பம்பை வைத்து அடித்துச் சீலைக் கெடுத்தவர்கள் உண்டு. பி.பி. கருவியில் அந்த ஆபத்தில்லை.

கார்பரேட்டர்கள், சைலன்சர்கள் எல்லாம் வெளியே வந்தன. டயர் டியூபை வெட்டிய ரப்பர் துண்டுகளால் இரண்டு பக்கத் துளைகளையும் அடைத்தார்கள். ஒரு பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரும்பு உடலில் பாய் ஏற்கெனவே ஒரு குழாய் பொருத்தி வைத்திருந்தார். அதை இடது பிளக் துளையில் திருகி, பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து, குமிழை அழுத்தினார். முள் 300-க்கு ஏறியது. நல்ல இன்ஜின் என்றால் ஒரு நிமிடம் போனாலும் முள் பெரிதாக இறங்கக் கூடாது. இங்கே பையன் பத்து எண்ணுவதற்குள் முள் படுத்துவிட்டது.

கசிவு எங்கே? சோப்புத் தண்ணீரும் பிரஷும் வந்தன. சிலிண்டர் அடிப் பேக்கிங்கில் தடவினார்கள், குமிழி இல்லை. ரீடு வால்வ் சுற்றிலும் தடவினார்கள், இல்லை. இடது பக்க மூடியைத் திறந்து, பாயின்ட் தட்டையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் இருந்த ஆயில் சீலில் தடவி, மறுபடி காற்றை ஏற்றினார் பாய். எல்லாரும் குனிந்தார்கள். தண்டைச் சுற்றிப் பொங்கிய நுரையைப் பார்த்து, "இட்லிக்கு அரைச்ச மாவு மாதிரி" என்றான் பையன்.

விஷயம் இவ்வளவுதான். பதினோரு வருஷம் அசையாமல் நின்றதில் ரப்பர் சீலின் உதடு காய்ந்து கட்டையாகியிருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் ஆயில் பட்டுப் பட்டு மெத்தென்று இருந்திருக்கும். வலது பக்கச் சீல் கசிந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் கியர் பெட்டி இருப்பதால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாகக் கக்கும். பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். இடது பக்கம் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். புகையும் இல்லை, கசிவும் இல்லை. அதனால்தான் எல்லாரும் போரைச் சந்தேகிக்கிறார்கள்.

சீலின் விலை சில நூறு ரூபாய்.

புது ரப்பர், பழைய இரும்பு

புதுப்பேட்டையில் எதுவும் கிடைக்கும் என்று சொல்வார்கள். ஆனால் சீலை இங்கே வாங்காதீர்கள் என்று பாயே சொல்லிவிட்டார். இரும்பு என்றால் பழசு மேல், பழைய கம்பெனி கிராங்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் அப்படியில்லை. பாக்கெட் பிரிக்காத ஒரிஜினல் சரக்கு என்று பெருமையாக நீட்டுவார்கள். பாக்கெட்டுக்குள்ளேயே அதற்கும் வயதாகியிருக்கும். எனவே மறுநாள் அப்பாவும் மகளும் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் திரும்பும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனார்கள். சென்னையின் உதிரிபாகச் சந்தையில் இது கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாத பகுதி. கண்ணாடிக் கவுன்டர், பில், டோக்கன். நாலு கடை ஏறி இறங்கி, இரண்டு பக்கத்துக்கும் புதிய சீல், பேக்கிங் செட் எல்லாம் வாங்கினார்கள். மகள் ஒவ்வொரு சீலின் உதட்டையும் விரலால் மடக்கிப் பார்த்துத்தான் வாங்கினாள். பாய் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இடது சீல் மட்டும்தான் போயிருக்கிறது. வலதையும் ஏன் மாற்ற வேண்டும்? அதற்கும் அதே வயதுதானே. இன்ஜின் இறக்கி, மேல் பாதி கீழ் பாதியாகப் பிரித்து, இரண்டையும் மாற்றி, மறுபடி பி.பி. பார்த்து, பாயின்ட்டை முதலிலிருந்து வைத்து முடிக்க நாலு நாள் ஆனது. இந்த முறை முள் 300-ல் ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் இறங்கியது. இரண்டு கிராங்க் அறைகளுக்கும் நடுவே இருப்பது உலோகத் தடுப்பு, அது முழுக்க அடைக்காது, அந்த அளவு இறக்கம் இருக்கத்தான் செய்யும் என்றார் பாய். போரையும் பிஸ்டனையும் யாரும் தொடவில்லை. ஆயில் பம்பிலிருந்து இரண்டு குழாயிலும் காற்றுக் குமிழி இல்லாமல் ஆயில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிக்கரை உதைத்தார்.

இரண்டு பக்கமும் தண்ணீர் சுர்ரென்றது.

சோழவரம் வரை

அடுத்த ஞாயிறு ஏலகிரி இல்லை. அதற்குப் பதில் சோழவரம். அதிகாலை ஐந்தரைக்கு மகள் ஆர்டியில் கிளம்ப, பின்னால் காரில் அப்பாவும் பாயும். மாதவரம் தாண்டி, செங்குன்றம் தாண்டி, புழல் ஏரிக் காற்று முகத்தில் அடிக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். லாரிகள் வழியில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்தபின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. கார், பைக் என்று நாடு முழுவதிலிருந்தும் வருவார்கள். எண்பதுகளில் ஆர்டிகள் அங்கே கூட்டமாகப் பறந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. அண்ணன் பந்தயத்தில் ஓட்டியவர் இல்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்தால் தம்பியை உட்காரவைத்து ஒவ்வொரு சுற்றாக ஒப்பிப்பார். அந்த வண்டியை வாங்கியதே அந்தப் பைத்தியத்தில்தான்.

சோழவரத்துக்குக் கொஞ்சம் முன்னால், காலியான நேர் சாலையில், பாய் சொல்லியிருந்தபடி மகள் மூன்றாவது கியரில் முழுக்க முறுக்கினாள். சில விநாடிதான். பிறகு கிளட்சைப் பிடித்து, அதே கணத்தில் இன்ஜினை அணைத்து, உருண்டு வந்து ஓரம் கட்டினாள். இப்படி நிறுத்தினால்தான் முழு வேகத்தில் பிளக் எந்த நிறத்தில் இருந்ததோ அந்த நிறத்திலேயே நிற்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு நிறுத்தினால் அந்தச் சாட்சி அழிந்துபோகும்.

கார் வந்து சேர்வதற்குள் இரண்டு பிளக்கையும் அவளே கழற்றிவிட்டாள். விரலில் சூடு பட்டு ஊதிக்கொண்டிருந்தாள். சீட்டின் மேல் கைக்குட்டையை விரித்து அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தலைமையாசிரியரும் குனிந்தார். இரண்டும் பிஸ்கட் நிறம்.

"எது இடது, எது வலது பாப்பா?"

அவள் பார்த்தாள். கழற்றும்போது எந்தப் பக்கம் எது என்று குறித்து வைக்க மறந்திருந்தாள்.

பாய் சிரித்துவிட்டு, "ஏதோ ஒண்ண ஏதோ ஒரு பக்கம் மாட்டு" என்றார். திரும்பும் வழியில் செங்குன்றத்தில் இட்லி சாப்பிட்டார்கள். ஹாரன் இன்னும் வேலை செய்யவில்லை, அதற்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.